எதிர்க்கல்லில் துவைத்தவள்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு வட்டாராவில் குடியிருந்தோம். நடுவில் முற்றம், சுற்றிலும் எட்டு ஒற்றை அறை வீடுகள், அத்தனை பேருக்கும் ஒரே குழாய், எதிரெதிராக இரண்டு துவைகல். காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் தண்ணீர் வரும். யார் குடம் முன்னால் இருக்கிறதோ அவருக்குத்தான் முதலில். எனக்கு அப்போதே வாய் நீளம். குழாயடியில் என்னிடம் வம்புக்கு வர யாரும் துணியவில்லை.

எட்டாவது வீட்டுக்கு ஒரு தம்பதி குடிவந்தார்கள். அவள் மார்ட்டள்ளிக்காரி, கிறிஸ்தவப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். ஊதுபத்தி உருட்டி அவள்தான் குடும்பத்தை ஓட்டினாள். அவன் படுக்கைத் துணிகளைத் தினமும் துவைத்தாக வேண்டும். நான் அவள் ஊருக்குப் பக்கத்து ராமாபுரத்துக்காரி. அவள் பேச்சு என் ஊர்ப் பேச்சுதான். ஆனாலும் சீக்காளி வீடு, நமக்கெதற்கு என்று ஒதுங்கியே இருந்தேன்.

ஒரு நாள் இருவரும் எதிரெதிர்க் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தோம். அன்று எழுந்ததும் எழாததுமாக என் வீட்டுக்காரரோடு சண்டை. அந்தக் கோபத்தையெல்லாம் அவருடைய பேண்டின் மேல் காட்டினேன். ஓங்கி அடித்த அடியில் அழுக்கு நுரை அவள் முகத்தில் தெறித்தது. அவள் கத்தப்போகிறாள் என்று நானும் தயாராக நிமிர்ந்தேன். அவளோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் சிரிக்கறே? கோவம் வரலியா?"

"எங்க புனிதை ஒருத்தங்களுக்கும் இப்பிடித்தான் ஆச்சுங்கக்கா."

அவள் வீட்டுச் சுவரில் அந்தப் புனிதையின் படம் இருந்தது. கன்னியர் உடை, கை நிறைய ரோஜா, சின்ன வயது முகம். எனக்குள் அந்தப் படத்துக்கு ரோஜாப்பூ அம்மா என்று பெயர் வைத்திருந்தேன். மடத்தில் துணி துவைக்கும்போது எதிரே நின்ற இன்னொரு கன்னியாஸ்திரீ தினமும் இந்த அம்மா முகத்தில் அழுக்குத் தண்ணீரைத் தெறிக்க வைப்பாராம். விலகி நின்று முகத்தைத் துடைத்துக் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியதாம். பிறகு, இதையும் கடவுள் கொடுத்ததாகவே வாங்கிக்கொள்வோம் என்று நின்றாளாம். நாளாக ஆக, அந்தத் தண்ணீருக்காகவே ஆசையாக அந்த இடத்துக்குப் போனாளாம்.

நல்ல கதைதான். ஆனால் எனக்குப் பதிந்தது வேறு. இவளிடம் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே கொடுப்பாள் என்பதுதான் எனக்கு விளங்கிற்று.

"மகளுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு, இன்னிக்கி ஒரு நாள் நான் முன்னாடி புடிச்சுக்கட்டுமா?" என்று மறுவாரம் கேட்டேன். "புடிங்கக்கா" என்றாள். அந்த ஒரு நாள் ஒரு வாரமாயிற்று. பிறகு கேட்பதையும் விட்டுவிட்டேன். அவள் குடத்தை நகர்த்திவிட்டு என் குடத்தை வைப்பேன். என் அண்டாவும் வாளிகளும் நிறைந்து அவள் முறை வரும்போது குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அவள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி அடிபம்புக்குப் போவாள். நாலைந்து நடை நடப்பாள். அதையெல்லாம் தெருவைப் பார்த்த என் சமையல் மூலை ஜன்னலிலிருந்து நன்றாகப் பார்க்கலாம்.

மற்ற பெண்களிடம் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசியதும் நான்தான். "அவளப் பாருங்க, எவ்வளவு கஷ்டத்திலயும் மூஞ்சி சுளிக்கறாளா?" என்பேன். வாய் கூசவில்லை. அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது என்பதும் உண்மைதான். சாயங்காலங்களில் அவள் பத்தி உருட்டியபடி ஏதோ சொல்ல, படுத்திருந்தவன் வாய்விட்டுச் சிரிப்பது முற்றம் வரை கேட்கும். கைகால் நன்றாக இருந்த என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, தண்ணீர் இல்லாமல் நோயாளியை வைத்துக்கொள்ள முடியவில்லை என்று அவர்கள் ஊருக்கே திரும்ப முடிவு செய்தார்கள். கிளம்பும் நாளில் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவள் சுவரிலிருந்து ரோஜாப்பூ அம்மாவைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உன்னாட்டம் எப்பவும் சந்தோஷமா இருக்க எனக்கு வராது, தாயி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் கை நின்றது. "எப்பவுமாங்கக்கா? வெடியால உங்க குடம் முன்னாடி இருக்கறதப் பாத்தா எனக்கு வயிறெரியும். பம்புக்குப் போற வழியெல்லாம் படத்துல இருக்கற இவங்ககிட்ட அழுதுட்டே போவேன். அழுது முடிச்சு வந்தாத்தானுங்க சிரிப்பு வரும்."

குரலில் குற்றம்சாட்டும் தொனி துளியும் இல்லை. நான் சொன்னதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "நீ பம்புக்கு நடந்தது எனக்குத் தெரியவே தெரியாதே" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "பரவால்லீங்கக்கா" என்று சிரித்தாள்.

சில வருடங்களில் என் வீட்டுக்காரரின் வேலை போயிற்று. நான் இரண்டு வீடுகளில் துணி துவைக்கப் போனேன். முதுகு விட்டுப்போகும்போதெல்லாம் அவள் சொன்ன கதையை நினைத்துக்கொள்வேன். சிரிக்கப் பார்ப்பேன், வராது. ஒரு நாள் கல்லருகே உட்கார்ந்து நன்றாக அழுதேன். எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அழுது முடித்தால் வரும் என்று அவள் சொன்ன சிரிப்பு இதுதான் என்று தெரிந்துகொண்டேன். இவ்வளவு பாடுபட்டு அவள் சேர்த்த சிரிப்பைத்தான் நான் தினமும் காலையில் சும்மா எடுத்துக்கொண்டிருந்தேன்.

ராமாபுரத்திலிருந்து அவள் ஊர் ஒரு பஸ் தூரம். எத்தனையோ முறை பிறந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. போனால், தெரியாது என்று சொன்னது பொய் என்று சொல்லியாக வேண்டும். அவள் திட்டுவாள் என்ற பயமில்லை. சிரித்துவிடுவாள். அதுதான் பயம்.