நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒரு நியூட்ரலும்

என் மனைவியின் கார் ஆட்டோமேட்டிக். சில்க் போர்டு சிக்னலில் அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருப்பாள். அதே நெரிசலில் நான் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று கியர் மாற்றிக்கொண்டிருப்பேன். "ஏதாவது வேண்டுதலாங்க?" என்று கேட்பாள். வேண்டுதல் இல்லை, மயக்கம். வண்டி என் கையைக் கேட்டுத்தான் நகரவேண்டும் என்கிற மயக்கம். அது எனக்கு ஒரு ஆயுத பூஜையன்று, என் அத்தையைப் பார்த்துப் பிடித்தது. அன்றைக்கு உயிர் போகவிருந்தது என்பது உபரித் தகவல்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒக்கலிபுரத்தில் எங்கள் தெரு மெயின் ரோட்டை நோக்கிச் சரிவாக இறங்கும். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஊரின் இன்னொரு கோடியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். தன் சம்பளத்திலேயே ஒரு பழைய கார் வாங்கினாள். கார் அவளுடையது, சாவி மட்டும் பெரியப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. பெரியப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கருத்துச் சொல்ல அது ஒரு தடையாக இருந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை செய்ய, அத்தை ஓட்டிப் பழகினாள். "பூஜை முடியட்டும்மா. ஒரு தப்பும் நடக்கலேன்னா திங்கக்கெழமைல இருந்து நீயே வேலைக்கு எடுத்துட்டுப் போ," என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்தத் திங்கட்கிழமையை நம்பி அத்தை பஸ் பாஸைப் புதுப்பிக்கவில்லை.

காரின் ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான். அதனால் நிறுத்தும்போதெல்லாம் முதல் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லும் முட்டுக் கொடுப்பாள்.

பூஜையன்று காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு வாழைக்கன்றுகளைக் கட்டினார்கள். சாவியும் போட்டாகிவிட்டது. ஆரத்தி முடிந்ததும் அத்தை ஏறி, நான்கு சக்கரத்துக்கும் வைக்கிற எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னே போகவேண்டும். எல்லோரும் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் டிரைவர் சீட்டில் ஏறி மைசூருக்குப் புறப்பட்டேன். வாயாலேயே எஞ்சின், வாயாலேயே ஹாரன். ராமநகரம் தாண்டும்போது கியர் மாற்றியே ஆகவேண்டிய நிலைமை. கம்பியைப் பிடித்து இழுத்தேன். அது நடுவில், நியூட்ரலுக்கு வந்து குழைந்து ஆடியது. ஒன்றும் ஆகவில்லை. கல் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கல்லைத்தான் பெரியப்பா எடுத்தார்.

"எலுமிச்சம்பழம் வெக்கற எடத்துல கல்லு வெச்சிருக்கா பாரு," என்று காலால் தள்ளிவிட்டு நான்காவது பழத்தை அங்கே வைத்தார்.

கார் ஒரு கணம் யோசித்தது. பிறகு பழங்களை மெதுவாக, மரியாதையாக நசுக்கிவிட்டு நகர்ந்தது.

"ஆஹா, எவ்ளோ நைசா எடுக்கறா பாரு!" என்றார் பெரியப்பா.

"அண்ணா, நான் இங்க இருக்கேன்!" என்றாள் அவர் பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த அத்தை.

இந்த இடத்தில் என் வீரத்தை யாராவது எதிர்பார்த்தால் மன்னிக்கவும். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு சீட்டைக் கட்டிக்கொண்டேன். "ஆஞ்சநேயா" என்று தொடங்கி, அவர் வரத் தாமதமானதால் "அம்மா"வுக்கு மாறி, கடைசியில் எதிர்வீட்டுக் கன்னடக்காரர் கத்திய "நில்சி, நில்சி!"யையே நானும் கத்தினேன். கார் எந்தப் பாஷைக்கும் நிற்கவில்லை. கீழே மெயின் ரோட்டில் ஒரு பஸ் குறுக்கே போனது.

கதவு திறந்தது. ஓடிவந்த அத்தை என்னை ஒரு மூட்டையைப்போல அந்தப் பக்கம் தள்ளிவிட்டு ஏறி, பிரேக்கை மிதித்தாள். தெரு முடியும் இடத்தில் கார் நின்றது. வாழையிலை ஒன்று மட்டும் மெயின் ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டு, அடுத்து வந்த பஸ்ஸின் காற்றில் படபடத்தது.

அத்தையின் இடது கை கியர் கம்பிக்குப் போனது. அது குழைந்து ஆடியது. கம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"செத்தே போயிருப்பேன் அத்தே!" என்று அழுதேன்.

"இன்னும் சாவல. வாய மூடுடா, எஞ்சின் சத்தம் கேக்கணும்."

சாவியைத் திருகி எஞ்சினைக் கிளப்பினாள். இனி ரிவர்ஸில் மேடேற வேண்டும். இரண்டு பக்கமும் மாலை போட்ட ஸ்கூட்டர்களும் சைக்கிள்களும். ஹேண்ட்பிரேக்கோ இல்லாததற்குச் சமம். வலது கால் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டருக்குப் போகும் அந்த ஒரு நொடியில் கார் ரோட்டுக்குள் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. இடது கால் கிளட்சை ஒரு நூல் தூக்கியது. எஞ்சினின் சத்தம் தணிந்து கனத்தது. அந்த இடத்திலேயே கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு ஒரு மாலையின் பூவைக்கூட உரசாமல் பின்னோக்கி ஏறியது. அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை அப்படியொரு அரை கிளட்ச் எனக்கு வாய்த்ததில்லை.

"சக்கத் டிரைவிங் அக்கா!" என்று எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார்.

பெரியப்பா கைதட்டவில்லை. கல்லை எடுத்தது யார் என்று யாரும் கேட்கவுமில்லை.

"கியர்ல போட்டியா, இல்லியா?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். பெரியப்பாவின் பெல்ட்டுக்கும் எனக்கும் ஏற்கெனவே பழக்கம் உண்டு. நான் வாழைக்கன்றில் எத்தனை இலை என்று எண்ணத் தொடங்கினேன்.

"மறந்துட்டேண்ணா," என்றாள்.

அவர் கையை நீட்டினார். அவள் சாவியைக் கொடுத்தாள். "இவ்ளோ மறதிக்கு பஸ்ஸுதாம்மா சரி," என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சாவி எப்போதும் இருக்கிற இடம்தான் என்பதால் எனக்கு அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. பெல்ட்டிலிருந்து தப்பித்த தெம்பில் பொரிகடலையை இரண்டு கையாலும் அள்ளித் தின்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது, பஸ் ஸ்டாப்பில் டிபன் பையோடு அத்தை நின்றிருந்தாள்.

"ஏன் அத்தே, கார்ல போகலியா?"

"கிளட்ச மிதிச்சு மிதிச்சு காலு வலிக்குதுடா. கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுக்கலாம்னு."

பஸ் வந்தது. உட்கார இடமில்லாமல் படியை ஒட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி அத்தைக்குக் கால் வலிக்காது என்ற சந்தோஷத்தில், பஸ் கண்ணுக்கு மறையும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.