மைக்கக்காவின் ரெண்டாவது ரிப்போர்ட்

எங்க அக்காவுக்கு பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளர் வேலை. எந்த பஸ் எந்த மேடையில நிக்குது, எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னு பதினெட்டு வருஷமா கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார்ந்து சொல்லிட்டிருந்தா. அவ பேரு அங்க யாருக்கும் தெரியாது. மைக்கக்கான்னா எல்லா டிரைவருக்கும் தெரியும்.

போன வருஷம் அவ குரல் மாறிச்சு. காலையில கணீர்னு இருக்கும். சாயங்காலம் நாலு மணி தாண்டினா மூக்கால பேசுவா, நாக்கு குழறும். சாப்பிடும்போது பாதியிலேயே தாடை ஓய்ஞ்சுபோய் கையால முகவாயைத் தாங்கிக்குவா. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். நானோ நாள் முழுக்கத் துணிக்கடையில கால்கடுக்க நின்னுட்டு வந்து சமைக்கிறவ. எனக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வரும். வேலைக்கு டிமிக்கி குடுக்க நல்லா நடிக்கிறேன்னு வாய் கூசாம சொல்லியிருக்கேன்.

டாக்டர்கிட்ட போகாம இல்லை. மூணு பேரைப் பார்த்தோம். அங்கதான் எங்க புத்திசாலித்தனம். டாக்டரைப் பார்க்கணும்னா முதல் நாளே லீவு போட்டு, நல்லாத் தூங்கி எழுந்து, குளிச்சு, முதல் டோக்கனுக்குப் போய் நிப்போம். ஓய்வெடுத்தா சரியாயிடுற தொந்தரவு அது. என்ன கேட்டாலும் அவ மைக்ல பேசுற மாதிரியே பதில் சொல்லுவா. ரெண்டு பேர் சத்து மாத்திரை எழுதி அனுப்பிட்டாங்க. மூணாவது டாக்டருக்கு மட்டும் ஏதோ பொறி தட்டிச்சு. உடம்பு தனக்கே எதிரா ஆன்டிபாடி உண்டாக்கித் தசையைத் தளர வைக்கிற நோய் ஒண்ணு இருக்கு, ரத்தத்துல பார்த்துடலாம், ரிப்போர்ட்டோட வாங்கன்னார். 'இல்லை'ன்னு ரிப்போர்ட் வந்துது. இல்லைன்னு வந்த அப்புறம் எதுக்குப் போகணும்னு நாங்க போகலை.

அதுக்குள்ள பயணிங்க புகார் குடுத்து, ஆபீஸ்ல விளக்கம் கேட்டு மெமோ வந்துடுச்சு. நோயாளின்னு சொல்லி மைக்கை விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயந்து, அந்த ரிப்போர்ட்டை நானே மேனேஜர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். பெருமையா வேற நின்னேன். அவர் படிச்சுட்டு நிதானமாக் கேட்டார்.

"அப்ப நோய் எதுவும் இல்ல. வேற எதனால நாக்கு குழறுதுன்னு நீங்களே சொல்லுங்க."

குடின்னு அவர் வாயால சொல்லலை. மறுவாரமே அக்காவை மைக்கை விட்டு எடுத்து, தொலைஞ்ச சாமானை வைக்கிற ரூம்ல போட்டாங்க. விசாரணை முடியட்டும்னாங்க. நான் குடுத்த பேப்பர்தான் அவ தலையில மண்ணை வாரிப் போட்டுச்சு. அதோட நிறுத்தினேனா? அன்னைக்கு அவ வீட்டுக்கு வந்ததும், சேலையில ஒட்டின முடியை எடுக்கிற மாதிரி கிட்ட போய் வாயை மோந்து பார்த்தேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, குனிஞ்சு செருப்பைக் கழட்டினா.

அப்புறம்தான் மறுபடி அந்த மூணாவது டாக்டர்கிட்ட போனோம். இந்தத் தடவை வேலை முடிஞ்ச கையோட, ஆறு மணிக்கு. ஒண்ணுலேர்ந்து சத்தமா எண்ணச் சொன்னார். முப்பதுல குரல் மூக்குக்குப் போச்சு. நாற்பது தாண்டினதும் வெறும் காத்துதான் வந்துது. முதல் டெஸ்ட்ல இல்லைன்னு வந்தது ஒரு வகை ஆன்டிபாடிதான், இன்னொரு வகையாலயும் இதே நோய் வரும், அதுக்குத் தனி டெஸ்ட், அன்னைக்கே வந்திருந்தா அனுப்பியிருப்பேனேன்னார். எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியலை.

மூணு வாரம் கழிச்சு அந்த ரிப்போர்ட் வந்துது. 'இருக்கு.' நோய் இருக்குன்னு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன். நாளைக்கே அந்த மேனேஜர் மூஞ்சியில விட்டெறியறேன்னு பையில வைக்கப் போனேன். அக்கா கையை நீட்டி வாங்கி, மடிப்பைப் பிரிச்சு, என் முன்னாடி வெச்சா. சாயங்கால நேரம், குரல் பாதிதான் வந்துது.

"ஆபீசுக்கு அப்புறம் குடுக்கலாம். முதல்ல நீ படி."