எங்கள் பேஜிலிருந்து நான் அனுப்பாத செய்தி

1. பின் கேட்

"மேடம், நேத்து தனியா வரச் சொல்லியிருந்தீங்க. நான் பிரண்டைக் கூட்டிட்டு வந்தது தப்பா?"

காலை பத்து மணிக்கு என் மேஜை முன்னால் நின்று ரிஸ்வானா இப்படிக் கேட்டாள். பி.காம். இரண்டாம் ஆண்டு. லப்பைக்குடிகாட்டிலிருந்து காலேஜ் பஸ்ஸில் வந்து போகிற பெண். நான் அவளை எங்கேயும் வரச் சொல்லவில்லை. அவளிடம் பேசுவதே அன்றைக்குத்தான் முதல்முறை.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மீடியா செல் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மீடியா செல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மெயின் பிளாக் இரண்டாவது மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், நான், டிசைனர் கதிரேசன். அவன் குரும்பலூர்க்காரன். மற்ற வேலைகளுக்கு மாணவ வாலண்டியர்கள்.

அப்போது மூன்று வருடமாக இன்ஸ்டாகிராமில் 'இது எங்கே?' என்று ஒரு கான்டெஸ்ட் நடத்திவந்தோம். தினமும் பதினொரு மணிக்குக் கேம்பஸின் ஏதோ ஒரு மூலையை மிக நெருக்கத்தில் படமெடுத்துப் போடுவோம். துருப்பிடித்த குழாய், லேப் கதவின் தாழ்ப்பாள், இப்படி. முதலில் சரியாகச் சொல்கிறவருக்கு டி-ஷர்ட். ஜெயித்தவருக்குப் பேஜிலிருந்து மெசேஜ் போகும், ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்வார். நான் கொடுப்பது போல ஒரு போட்டோ எடுத்துப் போடுவோம். அதனால் பிள்ளைகளுக்குப் பேஜ் என்றாலே நான்தான்.

ரிஸ்வானா போனை நீட்டினாள். எங்கள் பேஜின் பெயர், எங்கள் லோகோ. கீழே இரண்டு செய்திகள்.

"வாழ்த்துகள் மா. நாளைக்கு நாலு மணிக்குப் பின் கேட் பஸ் ஸ்டாப்புக்கு வந்திடுமா. இந்தத் தடவை பெரிய பரிசு, அதனால தனியா வா."

"உன்கூட வந்த மஞ்சள் துப்பட்டா யாருமா? தனியாத்தானே வரச் சொன்னேன்."

நான் பிள்ளைகளுக்கு இப்படித்தான் 'மா' போட்டு எழுதுவேன். நானே எழுதிவிட்டு மறந்துபோனேனா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன்.

"பஸ் ஸ்டாப்புல யாராச்சும் இருந்தாங்களாமா?"

"யாரும் இல்லை மேடம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட் போட்ட ஒருத்தர் பைக்ல உக்காந்திருந்தாரு. எங்க பக்கம் திரும்பவே இல்லை. நடுவுல ஒரு சிமெண்ட் லாரி போச்சு. அப்புறம் பாத்தா ஆளைக் காணோம்."

2. நாங்கள் பார்க்கப் பார்க்க

கதிரேசனைக் கூப்பிட்டு இன்பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். அவள் போனில் இருந்த அதே இரண்டு செய்திகள் எங்கள் கம்ப்யூட்டரிலும் இருந்தன, நாங்கள் அனுப்பியவையாக.

"நான் அனுப்பலை மேடம். எங்கம்மா மேல சத்தியமா."

"நானும் அனுப்பலைடா."

மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே இருந்த செய்தி மறைந்தது. யாரும் மவுஸைத் தொடவில்லை. ரிஸ்வானாவின் போனிலும் அதே நேரத்தில் மறைந்தது. கதிரேசன் சட்டென்று தன் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தான். பிடித்த மறுநொடி மேலே இருந்ததும் போய்விட்டது. நாங்கள் இன்பாக்ஸைத் திறந்து வைத்திருந்த அதே நேரத்தில் இன்னொருவனும் திறந்து வைத்திருந்தான். எங்கிருந்து என்று தெரியாது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் திறக்காத மெசேஜ்கள் பல நாள் காலையில் ஏற்கெனவே படித்ததாகக் காட்டும். கதிர் பார்த்திருப்பான் என்று நான் விட்டுவிடுவேன், மேடம் பார்த்திருப்பாங்க என்று அவன் விட்டுவிடுவான். ஒரு நாள்கூட ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.

3. கைமாறிய பாஸ்வேர்டு

பேஜில் எந்தெந்தப் போன்கள் லாகின் ஆகியிருக்கின்றன என்று பார்த்தோம். பதினான்கு. எங்களுடையவை மூன்றுதான்.

இது முழுக்க என் ஏற்பாட்டால் வந்த வினை. ஒவ்வொரு வருடமும் ஃபேர்வெல் அன்று, போகிற வாலண்டியர் வருகிற வாலண்டியரின் கையில் பாஸ்வேர்டு எழுதிய அட்டையைக் கொடுப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். நான்தான் அந்தச் சடங்கை ஆரம்பித்துவைத்தேன், அதை ரீல்ஸாகவும் போட்டேன். அட்டை கைமாறியதே தவிர பாஸ்வேர்டு ஆறு வருடமாக மாறவில்லை. கதிரேசன் ஒருமுறை மாற்றினான். டைரக்டர் சார் தன் போனில் உள்ளே போக முடியாமல் சத்தம் போட்டார், பழையதையே திரும்ப வைத்தோம். OTP வந்து தொந்தரவு செய்கிறது என்றார், அதையும் நிறுத்தினோம். திறந்த வீட்டுக்குள் நாய் நுழைந்தால் நாயைத் திட்டி என்ன பயன்?

எல்லாப் போன்களையும் வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, சைபர் கிரைமில் புகார் எழுதிக் கொடுத்தோம். பழைய வாலண்டியர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்துக் கேட்டதில் பத்துப் போன்களுக்குக் கணக்குக் கிடைத்தது. பதினொன்றாவது யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

கான்டெஸ்டை நிறுத்திவிட்டு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லலாம் என்று டைரக்டர் சாரிடம் போனேன்.

"ஏம்மா, ரீச் இப்பதான் ஏறுது. அட்மிஷன் டைம் வேற. பாஸ்வேர்டை மாத்திட்டீங்கல்ல? அதோட விடுங்க."

4. லப்பைக்குடிகாடு

மறுநாள் ரிஸ்வானா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். ரிஸ்வானா உள்ளறைக் கதவோரம் நின்றாள்.

"அவ அத்தா சவுதில இருக்காங்க. விஷயத்தைப் போன்ல சொன்னேன். படிச்சது போதும், நிறுத்திருன்னுட்டாங்க."

"தப்பு எங்க மேலதாங்க. இவ மேல ஒண்ணுமே இல்லை."

"அதை எங்க வூட்டுக்குள்ள வந்து சொல்லி என்னம்மா ஆவப்போவுது? கூடப் போன புள்ள அவ வூட்ல சொல்லி, இப்ப தெருவே பேசுது. எம்பொண்ணு எவனையோ பாக்கப் போனாளாம். உங்க காலேஜு பேர்லதான் வந்துச்சுன்னு எல்லாரும் பாக்குற மாதிரி போடுவீங்களா?"

அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரியலைங்க."

"அப்ப அவன் உங்க பேஜைத் தெனமும் பாத்துக்கிட்டுதானே இருப்பான்? எம்பொண்ணு படத்தை நீங்க போட்டாலும் பாப்பான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் பேஜின் ஃபாலோயர் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆயிரக்கணக்கான பெயர்கள். முகமே இல்லாத கணக்குகள் எத்தனையோ. எதைத் தொட்டாலும் அதுவாக இருக்கலாம் என்று தோன்றியது. எனக்கு பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

5. நோட்டீஸ்

யாரிடமும் அனுமதி கேட்காமல், அன்று மாலையே பேஜில் எழுதிப் போட்டேன். 'எங்கள் பாஸ்வேர்டை ஆறு வருடமாக மாற்றாமல் விட்டது எங்கள் தவறு. எங்கள் பெயரில் வேறு யாரோ மாணவிகளுக்குச் செய்தி அனுப்பி வெளியே வரச் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பிப் போனவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. கான்டெஸ்ட் நிறுத்தப்படுகிறது.' கீழே என் பெயரையும் போட்டேன்.

டைரக்டர் சார் மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். ரிஸ்வானாவின் அம்மா அந்த நோட்டீஸை சவுதிக்கு, அவள் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை காலேஜ் பஸ்ஸிலிருந்து ரிஸ்வானா இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று மதியம் இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள், தனித்தனியாக. மூன்று பேருக்கும் அதே மாதிரி செய்தி வந்திருக்கிறது. கடைசியாக வந்தவள் இறுதியாண்டு. அவளுக்கு வந்தது முதலாண்டில்.

"இத்தனை நாளா ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"சொன்னேனே மேடம். பேஜுக்குத்தான் மெசேஜ் போட்டேன். 'நான் பாத்துக்கிறேன், யார்கிட்டயும் சொல்லாதமா'ன்னு நீங்கதானே பதில் போட்டீங்க? அதுலேர்ந்து உங்களைப் பாத்தாலே அடுத்த படிக்கட்டு வழியா போயிடுவேன்."

ஆள் மாறும்போதெல்லாம் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள் என்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் நச்சரிப்பது இதனால்தான். பேஜை எத்தனை பேர் வேண்டுமானாலும் நடத்தலாம். அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு அது ஒரே ஓர் ஆள்தான்.

"அது நான் இல்லை" என்று அவளிடம் சொன்னேன். சரியென்று தலையாட்டினாள். ஆனால் போகும்வரை நாற்காலியில் உட்காரவே இல்லை, கதவை ஒட்டியே நின்றாள்.