மாமனார் பெயர் வைத்த பிள்ளை

என் மகனுக்கு வைத்தது நல்ல கெட்டியான பெயர். மண்வெட்டி கட்டாந்தரையில் இறங்கினால் ஒரு சத்தம் வருமே, கேட்பதற்கு அப்படி இருக்கும். எங்கள் ஊர் எல்லைச்சாமியின் பெயர் அது. என் மாமனாரின் பெயரும் அதுதான். அதைத் தேர்ந்தெடுத்தது நான். யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

நான் செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையில் பிறந்தவள். சென்னீர்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டபோது பதினாறு வயது. முன்பக்கம் பெங்களூர் ரோடு, பின்பக்கம் மாட்டுக் கொட்டகை, நடுவில் நாங்கள்: மாமனார், மாமியார், வீட்டுக்காரர், நான். வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தால் மாமியார் தொண்டையைச் செருமுவாள். பின்பக்கம் போய் நின்றால் "மாட்டாண்ட இன்னா வேல உனுக்கு?" என்பாள். ஆக, அடுப்படிதான் எனக்கு விட்ட இடம். அதிலும் உப்புப் பானை அவள் பொறுப்பில்.

முதல் குழந்தை பெயர் வைக்கும் முன்னமே போய்விட்டது. அதை யாரும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. சொல்லி அழக்கூட எனக்கு ஒரு பெயர் இல்லாமல் போயிற்று. அதனால் இரண்டாவது பையன் பிறந்தபோது, இவனைப் பூமியோடு சேர்த்துப் பிடித்து வைக்கிற மாதிரி ஒரு பெயர் வேண்டும் என்று மனசுக்குள் பிடிவாதம் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்கில், ரயிலிலிருந்து மூட்டை இறக்கும் இடத்தில் வேலை பார்த்தார். பூந்தமல்லியில் கொட்டகை போட்டு நடந்த நாடகத்தை ஓயாமல் போய்ப் பார்த்துவிட்டு, அதில் வரும் ராஜகுமாரன் பெயரைத்தான் வைப்பேன் என்று நின்றார். அந்த வருஷம் எங்கள் தெருவிலேயே நாலு தூளியில் அந்தப் பெயர் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையைக் கொஞ்சினால் நாலும் திரும்பிப் பார்க்கும். எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தில் அரிதாரம் பூசி, ஒட்டு மீசை வைத்த ஆள்தான் கண்முன் வருவார்.

மாமனார் தன் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான், ஆனாலும் அவர் கேட்டு வாங்குகிற மனிதர் இல்லை. அப்பனும் மகனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். கடைசியில் மாமனார், "பெத்தவளக் கேளு" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

அந்த வீட்டில் என்னை ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா பேரே வெக்கட்டும் அத்தே" என்றேன்.

மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வெச்சிட்டு? நீ இன்னான்னு கூப்டுவ?"

"கண்ணுன்னு கூப்டுவேன்."

"எத்தினி நாளிக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களுக்கு ஆயுசு குறையும். இது தெரியாமல் நான் வளரவில்லை. வீட்டுக்காரரை "த பாரு" என்றுதான் கூப்பிடுவேன், அவரும் வருவார். அவ்வளவு பெரிய ஆம்பளையையே பெயர் சொல்லாமல் கூப்பிட முடிகிறது, ஒரு சாண் குழந்தையைக் கூப்பிட முடியாதா என்று நினைத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

பெயர் வைக்கிற அன்றைக்கு முதலில் நாத்தனார், பிறகு சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக வந்து குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார்கள். மாமியார் குனிந்து உச்சி மோந்துவிட்டு நகர்ந்தாள். அவளுக்கும் அது புருஷன் பெயர் அல்லவா. அப்புறம் என் முறை. காதருகே வாயை வைத்து வெறும் காற்றை விட்டேன். கூச்சத்தில் குழந்தை நெளிந்தது. "ஆத்தா சொன்னது மட்டும் கேட்டுக்கிச்சு பாரு" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதன்பிறகு அவனுக்குச் சாதம் ஊட்டுவது நான், பீ மூத்திரம் அள்ளுவது நான், பெயர் மட்டும் ஊருக்கு. மாட்டுக்குத் தவிடு கொண்டு வருகிறவர் சொல்வார், தெருவில் சட்டி விற்றுப் போகிறவள் சொல்வாள். தூளி ஆட்டும்போது ஒருநாள் பாட்டோடு பாட்டாக அதன் முதல் எழுத்து என் வாயில் வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து குழம்புக் கரண்டி பறந்து வந்து சுவரில் விழுந்தது.

"இன்னாடி சொன்ன? அந்த மன்சன் நல்லா நடமாடிக்கினு கீறாரே, அது உனுக்குப் பொறுக்கலியா?"

"எதுவும் சொல்லல அத்தே."

"சொல்லாதே. நான் அவரு பேர இந்த வாயால சொன்னதே இல்ல. நாப்பது வருசமா சும்மாவா கட்டிக் காத்துக்கினு கீறேன்?"

கோயிலுக்குப் போனாலும் இதே கதிதான். சாமிக்கும் அதே பெயர். "எல்லையில நிக்கிறவரே" என்று கும்பிடுவேன். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்காவது புரிந்திருக்கும்.

மகனை "நைனா" என்று கூப்பிட்டேன். எங்கள் தெருவில் அப்பனும் நைனா, பிள்ளையும் நைனா, வழியில் போகிறவனும் நைனா. நான் ஒரு குரல் கொடுத்தால் கிணற்றடியில் பாதி ஆம்பளைகள் தலை தூக்குவார்கள், இவன் மட்டும் மண்ணில் விளையாடிக்கொண்டிருப்பான். தன் பெயரைச் சொல்லி ஒரு ஆம்பளைக் குரல் அதட்டினால்தான் அவனுக்கு உறைக்கும்.

நாலு வயதில் ஒருநாள் கேட்டான். "உனுக்கு என் பேரு தெரியாதாம்மா?"

"ஏன் தெரியாது?"

"எங்க, சொல்லு."

"போய் உங்க தாத்தாவக் கேளு" என்றேன். அவன் எதிர்வீட்டில் போய், எங்க அம்மாவுக்கு என் பேரே தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தான். அவர்கள் வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சட்டம் நாசமாய்ப் போக, இந்த வீட்டில் வந்து விழுந்த என் தலையெழுத்து நாசமாய்ப் போக என்று அடுப்பிடம்தான் சொல்லிக்கொண்டேன். அதுதானே நான் சொல்வதைக் கேட்கும்.

சண்டைக்காலம் அது. ஒன்றன் பின் ஒன்றாகப் பட்டாளத்து லாரிகள் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும். ஒன்று போனால் வீட்டுப் பாத்திரம் எல்லாம் ஆடும். கோடையில் ஒருநாள், அவித்த நெல்லை வாசலில் கொட்டி நானும் மாமியாரும் காலால் துழாவிக்கொண்டிருந்தோம். மாமனார் பின்னால் கொட்டகையில் இருந்தார். பையன் நுங்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அதன் ஒரு சக்கரம் கழன்று ரோட்டுக்கு உருண்டது. அவனும் பின்னாலேயே போய் நடு ரோட்டில் குந்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அதைப் பொருத்த ஆரம்பித்தான்.

பூந்தமல்லிப் பக்கமிருந்து லாரி வந்தது.

"நைனா!" என்று கத்தினேன். "நைனா! டேய் நைனா!" எதிர்ப்பக்கம் மாட்டுவண்டி ஓட்டிப் போன இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. ஓடினேன். நெல் வழுக்கி முழங்கால் மடிய விழுந்தேன். லாரி ஊதிக்கொண்டே வருகிறது. எந்த லாரியும் ஊதிக்கொண்டுதான் போகும், அவனுக்கு அது பழக்கம். அந்தப் பெயர் என் பல் வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. வாய் திறந்தபடிதான் இருந்தது, சத்தம் வரவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், ஆம்பளைக் குரல் மாதிரி கரகரவென்று, டேய் போட்டு அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி அதட்டியது.

பையன் திடுக்கிட்டு எழுந்தான். அடி விழப்போகிறது என்று நினைத்துச் சக்கரத்தை விட்டுவிட்டு எங்களிடம் ஓடி வந்தான். லாரி கடந்து போனது. ரோட்டில் நுங்குக் கூடு சப்பையாகக் கிடந்தது.

திரும்பிப் பார்த்தேன். மாமியார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொட்டகையிலிருந்து மாமனார் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "யாருடா அவன், டேய் போட்டு என்னக் கூப்டறது?"

"ரோட்ல போறவன் எவனோ" என்றாள் மாமியார். அவர் ரோட்டைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு உள்ளே போனார். அவர் போனதும் அவள் என்னைப் பார்த்தாள். அவளிடம் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன், இந்தக் கேள்வியை மட்டும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"பெத்தவ நீ. உனுக்கு வாய் வர்லியா?"

அந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தவள் அதை ஒரு நொடியில் உடைத்துப் போட்டுவிட்டாள். தினம் தினம் அதைச் சபித்த நான்தான் அதை விழுங்கி உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறேன். வீட்டைவிட்டு வெளியே போகக் கதவு இருந்தது, ரோடு இருந்தது. உள்ளே போய்விட்ட இதற்கு வெளியே வர ஒரு வழியும் இல்லை.

அன்றைக்கெல்லாம் அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் "இன்னாத்துக்கு?" என்றார். "சும்மாதான்" என்றாள்.

மறுநாள் மாமனார் மாடுகளை ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனதும், என்னை நெல் மூட்டை அடுக்கிய அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஒரு தபா சொல்லிப் பழகிக்க. ரோட்டு மேல ஊடு கீது. நாளிக்கி நான் இல்லன்னா யாரு கூப்டுவாங்க?"

"வேணாம் அத்தே. மாமாவுக்கு எதுனா ஆச்சின்னா?"

"ஆச்சின்னா என் தலையோட போவட்டும். நான் கேக்கல. காதப் பொத்திக்கினு நிக்கிறேன், நீ சொல்லு."

சொன்னபடியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வளையல்கள் முழங்கைக்குச் சரிந்தன. அந்த வயதில், அந்தக் கையைத் தூக்கி வைத்தபடி, எனக்காக அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

வாயைத் திறந்தேன். பெயர் வைத்த அன்றைக்கு அவன் காதில் விட்ட அதே காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் காற்று.

மாமியார் கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"சொன்னியா?"

"சொன்னேன் அத்தே" என்றேன்.