ஐந்து தந்தி ரஞ்சன்

ரஞ்சன் இறந்துவிட்டான் என்று சேவியர் ரெலிபோனில் சொன்னபோது நான் சிரித்தேன்.

ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினிக்குள் நின்றேன். முழங்கை வரைக்கும் சவர்க்கார நுரை. முதலாளி வந்து உனக்குத்தான் என்று ரிசீவரை நீட்டினார். சேவியர் சொன்னான்: "சிவா, எங்கட ரஞ்சன் முடிஞ்சான் மச்சான். காலமை வேலைக்குப் போகேக்க சைக்கிளோட லொறி அடிச்சுப்போட்டுது." நான் சிரித்துவிட்டு, "சரி, பின்னேரம் வந்து மாலை போடுறன் எண்டு அவனிட்டைச் சொல்லு" என்றேன். மறுபக்கத்தில் சேவியர் அழுதான். சேவியருக்கு நடிக்க வராது. மூன்று வருடம் ஒரே மேடையில் நின்ற எனக்கு அது தெரியும்.

சாவுச் செய்தியைக் கேட்டு ஏன் சிரித்தேன் என்பதை ரஞ்சனை அறிந்தவர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படிதான் இந்தச் சஞ்சிகை நண்பர்கள் கேட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

எண்பத்துநான்கின் கடைசியில் எங்கள் மூவரையும் ஒரே அகதி விடுதியில், ஒரே அறையில் போட்டார்கள். ரஞ்சன் ஊரில் கலியாண வீடுகளில் பைலாப் பாட்டுக் குழுவுக்குக் கிற்றார் வாசித்தவன். வந்த மூன்றாம் மாதம் பழைய சாமான் சந்தையில் ஒரு கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் ஐந்து தந்திகள்தான் இருந்தன. ஆறாவதைப் போடச் சொன்னால், "அதின்ர அன்ட்ராக் இன்னும் விசாரணையில கிடக்கு" என்பான். அன்ட்ராக் என்றால் ஜெர்மன் மொழியில் விண்ணப்பம். கடைசிவரை போடவேயில்லை. ஐந்து தந்தி ரஞ்சன் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த ஐந்து தந்தியில் அவன் செய்யாத வேலையில்லை. சைக்கிள் கம்பியைத் தந்திகளுக்கு அடியில் செருகுவான். உடுப்புக் கொழுவும் கிளிப்பைப் பூட்டுவான். சவர மெஷினைத் தந்திக்கு மேலே பிடித்து ஹெலிகொப்டரைக் கொண்டுவருவான். சோற்றுக் கரண்டியால் தந்தியை இழுத்து நாதசுரக்காரனின் மூச்சை எழுப்புவான். அவ்வளவையும் செய்யும்போது முகம் தபால் கந்தோரில் வரிசையில் நிற்பவனுடையது போல இருக்கும். ஒருமுறை ஜெர்மன் கிற்றார்க்காரர் ஒருவர் நிகழ்ச்சி முடிந்து வந்து அவனுடைய விரல்களைப் பிடித்துப் பார்த்து, எங்கே படித்தாய் என்று கேட்டார். "வெளிநாட்டவர் அலுவலகத்துக் காத்திருக்கும் அறையில்" என்றான் ரஞ்சன். அவர் அதை ஏதோ இசைக் கல்லூரி என்று நினைத்துக் குறித்துக்கொண்டார்.

எங்கள் குழுவுக்கு 'டுல்டுங்' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். திருப்பி அனுப்பாமல் இப்போதைக்குச் சகித்துக்கொள்கிறோம் என்று எங்களில் பலருக்குத் தரப்படும் கடதாசியின் பெயர் அது. மேடையில் ஏறியதும் ஜெர்மன் மொழியில், "நாங்கள் டுல்டுங். தயவுசெய்து ஒன்றரை மணித்தியாலம் எங்களைச் சகித்துக்கொள்ளுங்கள்" என்பான். சேவியர் பேஸ் கிற்றார். நான் ட்ரம், அதாவது விடுதிக் குசினியின் சட்டிகளும் இரண்டு வாளிகளும். என் தாளத்தைப் பற்றி அவன் சொன்னதை எங்களைத் தெரிந்த எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: "நீ மேளம் அடிக்கேல்லை, கதவு தட்டுறாய். உள்ளுக்க ஒருத்தரும் இல்லை."

விசாரணைப் பாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். சேவியர் அதிகாரியாக நின்று, ஏன் இந்த நாட்டுக்கு வந்தாய் என்று கேட்பான். ரஞ்சனின் கிற்றார் ஷெல்லும் ஹெலிகொப்டரும் ஓடும் சனமுமாக ஒரு நிமிடம் கத்தும். மொழிபெயர்ப்பாளனான நான் தொண்டையைச் செருமிவிட்டு, "இங்குள்ள காலநிலை இவருக்குப் பிடித்திருக்கிறதாம்" என்பேன். ஜெர்மன்காரர் சிரிப்பார்கள். எங்கள் சனம் அவர்களுக்கு மேலாகச் சிரிக்கும். எல்லோரும் அல்ல. எசனில் நடந்த ஒரு பொங்கல் விழாவில் பெரியவர் ஒருவர் எழுந்து கத்தினார்: "அங்க சனம் சாகுது. நீங்கள் இஞ்ச பகிடி விடுறியளோ?" ரஞ்சன் கிற்றாரை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னான்: "அழுதும் பாத்தனான் அண்ணை. கேக்க நல்லாயில்லை." பாதி மண்டபம் எழுந்து போய்விட்டது. மிச்சப் பாதிக்கு வாசித்தோம்.

ஆனால் யாரும் எழுந்து போகாத உருப்படி ஒன்று எங்களிடம் இருந்தது. 'அம்மா கதைக்கிறா' என்று அதற்குப் பெயர். சோற்றுக் கரண்டியைத் தந்தியில் இழுத்து ரஞ்சன் தன் தாயின் குரலைக் கொண்டுவருவான். ஒரு சொல்லும் இராது. ஆனால் அது "சாப்பிட்டியோ?" என்று கேட்கிறது, "குளிருக்குப் போத்தனியோ?" என்று கேட்கிறது, "பக்கத்து வீட்டுப் பெடியன் காசு அனுப்பிறானாம்" என்று குத்திக் காட்டுகிறது என்பது தமிழ் தெரியாதவனுக்கும் விளங்கும். மகன் நான். வாளியில் இரண்டு தட்டு: ஓம். மூன்று தட்டு: ஓமணை, அதாவது ஓம் அம்மா. தாயின் குரல் ஏற ஏற நான் அலுத்துக்கொண்டு தட்டுவேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார்கள்.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில், எசனில் ஒரு தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு ஒரு ஞாயிறு பின்னேர நிகழ்ச்சி கிடைத்தது. ஒழுங்கு செய்தவர் உர்சுலா என்ற பெண்மணி. அகதிகளுக்காக ஓடித் திரிந்தவர். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார். அப்போது என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு போட்டிருந்த நேரம். பெயரும் படமும் பேப்பரில் வந்தால் உதவியாயிருக்கும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

அன்று காலை பத்து மணிக்கு விடுதிக் காவலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு தந்தியைத் தந்தார். எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும் என்பதால் தமிழர்களுக்கு வரும் எல்லாவற்றையும் என்னிடம்தான் தருவார். விலாசத்தில் ரஞ்சனின் பெயர். அவன் ஒலிபெருக்கிகளோடு முன்னமே வான் வண்டியில் போய்விட்டிருந்தான். நான் பிரித்தேன். அம்மா ஷெல் விழுந்து இறந்துவிட்டார், அப்பா. அனுப்பியவர் அவனுடைய அப்பா. அவ்வளவுதான் இருந்தது.

ஓடிப் போய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நிகழ்ச்சி இல்லை, பத்திரிகை இல்லை, எனக்குப் படம் இல்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். செத்தவர் செத்துவிட்டார், ஏழு மணித்தியாலத்தில் ஒன்றும் மாறாது என்று ரயிலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

ரஞ்சன் அன்றைக்கு வாசித்தது போல அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. 'அம்மா கதைக்கிறா' வந்தபோது நான் வாளியிலிருந்து கையெடுக்க நினைத்தேன். கரண்டி தந்தியைத் தொட்டது. அந்த மனுசி கேட்டா: "சாப்பிட்டியோ?" மண்டபம் சிரித்தது. நான் இரண்டு தட்டுத் தட்டினேன். "போத்தனியோ?" தட்டினேன். இறந்த தாய்க்கு அவருடைய மகனின் இடத்தில் இருந்து பத்து நிமிடம் ஓம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தாளம் பிசகியது. அது பகிடியின் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். இரண்டாம் முறையும் வேண்டும் என்று கேட்டார்கள். ரஞ்சன் இரண்டாம் முறையும் வாசித்தான்.

முடிந்து மண்டபத்தின் பின்வாசலில் சாமான் ஏற்றும்போது கொடுத்தேன். அவன் வாசித்தான். மடித்தான். திரும்பப் பிரித்தான்.

"எத்தினை மணிக்கு வந்தது?"

"காலமை பத்துக்கு."

"அப்ப நான் வாசிக்கேக்க உனக்குத் தெரியும்."

"ஓம்."

"நல்லா வாசிச்சனானோ?"

"ஓம், ரஞ்சன்."

"சனம் சிரிச்சதோ?"

நான் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினேன்.

"ஆறாவது தந்தி உன்ர பொக்கற்றுக்குள்ளதான் கிடந்திருக்கு என்ன" என்றான். பிறகு ஒலிபெருக்கியைத் தூக்கி வானுக்குள் வைத்தான். அழுததை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் அழக்கூடாது என்று முடிவெடுத்திருந்தான் என்று நினைக்கிறேன்.

படம் பேப்பரில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கரண்டி பிடித்திருக்கும் ரஞ்சன். பின்னால் வாளிகளோடு நான். அடுத்த வருடம் என் மேன்முறையீடு வென்றது. படம் உதவியதா என்று தெரியாது. ரஞ்சனுடையது தோற்றது. அவனுடைய வழக்கில் நீதிபதி, ஊரில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாராம். "இருந்தவை. இப்ப கொஞ்சம் குறைவு" என்றானாம். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

அவன் குழுவை விட்டுப் போவான் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. அறையில் என்னோடு சமைத்தான், சாப்பிட்டான். அந்த உருப்படியை மட்டும் நிறுத்திவிட்டான். அந்த ஞாயிறுக்கு மூன்று மாதம் கழித்துக் கெல்சென்கிர்ச்சனில் ஒரு நிகழ்ச்சி. மேடை ஏறச் சற்று முன்னர் உடுப்பு மாற்றும் அறையில் என்னிடம் ஒரு கடதாசியை நீட்டினான். "மறந்துபோனன். உனக்கு வந்தது."

அம்மா ஷெல் விழுந்து இறந்துவிட்டார், அப்பா.

கதிரையைப் பிடிக்கப் போய்க் கதிரையோடு விழுந்தேன். என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. வெளியில் நின்றவர்கள் நாய் என்று நினைத்தார்களாம். ரஞ்சன் ஒரு மேசையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து காதோடு சொன்னான்: "பொய். உன்ர கொம்மா இருக்கிறா. அது என்ர."

அதே கடதாசிதான். மேலே விலாசம் இருந்த பகுதியை மட்டும் கிழித்திருந்தான். ஏழு மணித்தியாலம் என் பைக்குள் கிடந்த சொற்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"ரெண்டு நிமிசம் அழுதனி" என்றான். "நீ எனக்கு அதைக்கூடத் தரேல்லை. எழும்பு, சனம் காத்துக்கொண்டிருக்கு."

எழும்பினேன். போய் வாசித்தோம். அன்றைக்கு என் தாளம் பிசகவில்லை என்று சேவியர் சொன்னான்.

அதற்குப் பிறகு ரஞ்சனிடமிருந்து வரும் எந்தச் செய்தியையும் நான் நம்புவதில்லை. குழு கலைந்து, நான் வீடு எடுத்துக்கொண்டு வெளியேறி, வருடத்தில் இரண்டு முறை மட்டும் பார்க்கிறவர்களாகிவிட்ட பிறகும் நம்பவில்லை. அதனால்தான் சிரித்தேன்.

அவனுக்கு இருபத்தொன்பது வயது. கடைசிவரை விடுதியில்தான் இருந்தான். மாதத்துக்கு மாதம் டுல்டுங்கைப் புதுப்பித்துக்கொண்டு. விடிகாலைப் பனியில் துப்புரவு வேலைக்குப் போகும்போது, வலப்பக்கம் திரும்பிய லொறி அவனைக் காணவில்லை. எரியூட்டும் மண்டபத்தில் நாங்கள் பதினொரு பேர் நின்றோம். பாதிரியார் அவனுடைய பெயரைப் பிழையாக உச்சரித்தார். சேவியர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். வெளியே போய் அழுதான்.

தகப்பனுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. "மனுசன் ஏலாதவர். செத்தவீடு முடியட்டும், ஆறுதலாச் சொல்லுவம்" என்றான் சேவியர். நான் கேட்கவில்லை. செய்தி உறுதியான அன்றே தபால் கந்தோருக்குப் போய்த் தந்தி அடித்தேன்.

ஐந்து கிழமைக்குப் பிறகு அவரிடமிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. கோணல் எழுத்து. கிழவர் எழுதியிருந்தார்: "தம்பி சிவாவுக்கு. உங்களை நான் கண்டதில்லை. மகன் தாய் செத்தபோது எழுதிய கடிதத்தில் உங்களைப் பற்றி எழுதியிருந்தான். தந்தி வந்தவுடன் நீங்கள் ஓடிக்கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், அன்று முழுவதும் அவனை மடியில் போட்டு வைத்திருந்ததாகவும், அவனை விட நீங்கள்தான் கூட அழுததாகவும் எழுதினான். அந்நிய நாட்டில் அவனுக்கு ஒரு சகோதரம் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவனுடைய கடைசி நேரத்திலும் நீங்கள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவன் என்ன சொன்னான் என்பதை எனக்கு எழுதி அனுப்பவும்."

ரஞ்சன் அதை எழுதியது தகப்பனுக்காகவா, என்னை மன்னித்தா, அல்லது என்றாவது ஒருநாள் அது என் கைக்கு வந்து சேரட்டும் என்றா, எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு அவன் இல்லை. கிற்றாரைச் சேவியர் வைத்திருக்கிறான். பேப்பரில் வந்த படம் உர்சுலாவிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தக் கடிதம். பதில் எழுத நாலு முறை உட்கார்ந்துவிட்டேன்.