ரீயூனியன் தீவின் கொடியை நான் தூக்கிய கதை

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, கடலூரில் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஆளுக்கொரு தீவின் கொடியைப் பிடித்துக்கொண்டு அணிவகுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஜப்பான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், வேலை முடிந்தது. ஆனால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பதற்கென்றே எனக்கு ஒரு தாய்மாமா இருந்தார்.

மாமா சிதம்பரத்தில் வாடகைக் கார் ஓட்டினார். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். அந்த வருடம், ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் கிடக்கும் ரீயூனியன் தீவிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்து அவர் காரில் சுற்றினார்கள். கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன தங்கள் முன்னோரின் ஊரைத் தேடி வந்தவர்கள். புவனகிரிப் பக்கம் என்பதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது; ஊர் கிடைக்கவில்லை. மகள் அங்கே பள்ளி ஆசிரியை. அவர்கள் விமானம் ஏறிய பிறகு மாமா எதைப் பேச ஆரம்பித்தாலும் அந்தத் தீவில் போய்த்தான் நின்றார். இட்லியைப் பற்றிப் பேசினால்கூட.

"நீ ஜப்பான வுட்டுடு. நம்ம தீவுக் கொடியப் புடி," என்றார். அது எப்போது நம்ம தீவு ஆயிற்றோ!

அதற்குக் கொடியும் ஒன்றோடு நிற்கவில்லை. தீவு பிரான்ஸுக்குச் சொந்தம் என்பதால் ஆபீஸ்களில் பறப்பது பிரான்ஸின் மூவர்ணம். தமிழர் கோயில்களில் திருவிழாவுக்கு ஏற்றுவது இன்னொன்று. ஜனங்கள் தாங்களாகப் பிடித்துக்கொண்டது மூன்றாவது: நீல வானம், சிவப்பு முக்கோணமாக எரிமலை, பின்னாலிருந்து விரியும் மஞ்சள் கதிர்கள். கதிரெல்லாம் நாலா திசையிலிருந்தும் வந்து சேர்ந்த ஜனங்களாம். மாமா சொல்லச் சொல்ல எங்கள் தட்டில் சோறு ஆறிப்போனது.

"அதுல ஒரு கதிரு நம்ம ஊரு ஜனம்க்கா."

"மூணு கொடி வச்சிருக்கிற ஊரு உருப்படுமா? புள்ளைய ஜப்பானோட வுடேன்டா," என்றாள் அம்மா.

அவர் விடவில்லை. படத்தைக் காட்டி, புவனகிரியில் தெரிந்த தையல்காரரிடம் மூன்றாவது கொடியைத் தைக்கக் கொடுத்தார். சுருட்டிய கொடியோடு அவர் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது வரிசை கிளம்பிக்கொண்டிருந்தது. விரித்தால், முக்கோணம் தலைகீழாக, கூர் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சுவர்களில் இருக்கிற அதே குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம். தையல்காரர் அறிந்த சிவப்பு முக்கோணம் அது ஒன்றுதான். படத்தில்தான் தப்பு என்று திருத்திக் கொடுத்திருக்கிறார். கம்போடு சேர்த்துத் தைத்திருந்ததால் திருப்பிப் பிடிக்கவும் வழியில்லை.

முதலில் பெற்றோர்கள் சிரித்தார்கள், பிறகு வாத்தியார்கள். "ரெண்டுக்கு மேல வேணாம்னு சொல்ல வந்திருக்குது இந்தப் பொண்ணு," என்று பந்தலிலிருந்து யாரோ கத்தினார். முன்வரிசையில் மாமா செல்போனை என் பக்கம் நீட்டியபடி நின்றார். அந்த ஆசிரியை தீவிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் முகம் செத்துப்போயிற்று. போனை அணைத்துப் பைக்குள் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பாலேயே அவரை நாலு சாத்தலாம் போலிருந்தது.

காரில் வழியெல்லாம் அம்மா திட்டினாள். "ஒரு கொடிய வாங்குறப்ப விரிச்சுப் பாக்கத் துப்பில்ல. இதுல வெளிநாடு வேற!"

"அவுங்க கொடிய நானே கேலி பண்ண மாதிரி ஆயிடுச்சேக்கா. இனிமே பேசுவாங்களா?" என்றார் மாமா. அம்மா கொடியை என்னிடமிருந்து வாங்கி மடியில் விரித்துப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கண்விழித்தபோது அம்மா முக்கோணத்தைப் பிரித்தெடுத்து, கூர் மேலே வரும்படி கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு யூனிஃபார்மை மாட்டி மொட்டைமாடிக்கு இழுத்துப்போய்க் கொடியைக் கையில் கொடுத்தாள். அழுகையே வந்துவிட்டது. விழா முடிந்துபோயிற்று, கைதட்ட ஒரு ஈ காக்கை இல்லை, இனி இதைத் தூக்கி யாருக்கு என்ன லாபம்? அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கொடி பிடிப்பவள் நான். என் தலையைக்கூட வாரிவிடாமல், மாமாவுக்குப் புதுச்சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடர் பூசி, என் பக்கத்தில் நிறுத்தி, "சிரிடா, அந்தப் பொண்ணுக்கு அனுப்பணும்" என்று அம்மா மாமாவின் போனைத் தூக்கியபோது, இந்த வீட்டில் ஒருவருக்கும் புத்தி கிடையாது என்று முடிவு செய்தேன்.