மூன்று நாடுகளில் மூன்று பெயர்

எங்கள் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளையும் நான் யாருக்கும் கொடுப்பதாக இருக்கவில்லை. மெல்பேணில் கிளேட்டன் பக்கம் வீடு வாங்கிய நாளிலிருந்து, பல்கலைக்கழகத்துக்கு வருகிற தமிழ்ப் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டுவார்கள். நான் தேத்தண்ணி கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி, அனுப்பிவிடுவேன். விமலாதேவி வந்தபோது மட்டும் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. எழுபத்து நான்காம் ஆண்டு, யூலை மாதத்துக் குளிர். சேலைக்கு மேல் ஆம்பிளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, புருஷன் சிவபாலனோடு வாசலில் நின்றாள். ஒரு வருஷத்துக்குத்தான் ஒப்பந்தம், அதோடு போய்விடுவோம் என்றாள். அந்த ஒரு வருஷம் மூன்று வருஷமாகியது.

அவள் இரசாயனம் படித்தவள். மரப்பட்டையையும் வேரையும் காய்ச்சி, அதிலுள்ள சத்தைப் பிரித்து, அது இன்னதென்று கண்டுபிடிக்கிற வேலை. கலாநிதிப் பட்டம் எடுத்தது இங்கிலாந்தில், செஃபீல்டில். பிறகு ஜெர்மனியில் கோட்டிங்கன் என்ற ஊரில் இரண்டு வருஷம். இடையில் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டி, சுவீடனில் உப்சாலாவில் ஒரு வருஷம். போன இடமெல்லாம் ஒரே கதைதான். வேலை அருமை, ஆள் அருமை, ஆனால் காசு முடிந்துவிட்டது, அடுத்த ஊரைப் பாரும் என்பார்கள். என் தம்பி பத்தாம் வகுப்போடு யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் சேர்ந்தவன். அதே கதிரையில் இருந்தே பென்ஷனும் எடுப்பான். இவ்வளவு படித்தவளுக்கு இருக்க ஒரு கதிரை இல்லை என்றால் இந்தப் படிப்பைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் போடுவது என்று அவள் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறேன். அவள் கோபிக்க மாட்டாள். சிரித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விடுவாள்.

சிரிப்பெல்லாம் வெளிக்குத்தான். அவர்களுக்கு யோகா என்று ஒரு பெண் குழந்தை. இவர்கள் மெல்பேணுக்கு வெளிக்கிடுகிறபோது தவழத் தொடங்கியிருந்தது. ஒரு வருஷ வேலைக்காகப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவானேன் என்று, ஊரில் சிவபாலனின் தமக்கை நாகேஸ்வரியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். நாகேஸ்வரிக்குப் பிள்ளை இல்லை. ஆசையாக வாங்கிக்கொண்டாள். பிறகு இங்கே ஒப்பந்தம் இன்னொரு வருஷம் நீண்டது. அந்த ஒரு வருஷத்துக்கும் பிள்ளையை இங்கே எடுப்பதில் அர்த்தமில்லை என்றார்கள். சிவபாலன் ஊரில் வாத்தியார், இங்கே டண்டினோங்கில் கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்திப் பூட்டுகிற வேலை. "வேலை நிரந்தரமாகட்டும் அக்கா, அடுத்த பிளேனிலேயே பிள்ளையை எடுப்பம்" என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்வார்கள்.

நாகேஸ்வரி ஒருமுறை கசெற் ஒன்று பதிவு செய்து அனுப்பியிருந்தாள். பிள்ளை பாடுகிறது, கோழியைத் துரத்துகிறது, நடுவில் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுகிறது. விமலா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். கேட்கிறபோது முகமெல்லாம் விளக்கேற்றியதுபோல இருக்கும். அந்த "அம்மா"வுக்குப் பின்னால், தூரத்தில், "என்ன குஞ்சு?" என்று நாகேஸ்வரியின் குரல் கேட்கும். அது எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்டதா என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு கடைசியில் பல்கலைக்கழகத்தில் அவளுடைய பகுதியிலேயே நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்று வந்தது. விண்ணப்பித்தாள், நேர்முகத்துக்கும் கூப்பிட்டார்கள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் யோகாவுக்கு எந்த அறை, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கையில் கிடைக்காததை வைத்துக் கட்டில் போடுகிறார்களே என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேர்முகத்துக்கு முந்திய திங்கட்கிழமை வேலையால் வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் குசினிக் கதிரையில் இருந்தாள். அவளுடைய பேராசிரியர் ஹார்க்நெஸ் கூப்பிட்டுச் சொன்னாராம், விண்ணப்பத்தில் காட்டிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் அவளுடையவை அல்ல என்று தெரிவுக் குழுவில் சந்தேகப்படுகிறார்கள் என்று. அவர் அவளை நம்புகிறவர்தான். ஆனால் குழுவில் வெளியாட்களும் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயரின் முதலெழுத்து, பின் புருஷனுடையது. செஃபீல்டில் எழுதியதெல்லாம் கே. விமலாதேவி என்று வந்தது. கே என்றால் கந்தப்பு, தகப்பன். கோட்டிங்கனில் குடும்பப் பெயர் எங்கே என்று நெருக்கினார்கள். அங்கே வி. கந்தப்பு ஆனாள். கலியாணத்துக்குப் பிறகு வி. சிவபாலன். மூன்று பெயரில் வந்த கட்டுரைகளையும் வரிசையாக எழுதி, கீழே விமலாதேவி சிவபாலன் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு வரி விளக்கம் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லையாம். எப்படித் தோன்றும்? ஊரில் இதை விளக்கப் போனால் பைத்தியம் என்பார்கள்.

இவர்கள் கோட்டிங்கன் பேராசிரியருக்கு எழுதி, திருமதி சிவபாலனைத் தெரியுமா என்று விசாரித்திருக்கிறார்கள். அப்படி ஒருத்தரும் என் ஆய்வுகூடத்தில் இருந்ததில்லை என்று அந்த மனுஷன் பதில் போட்டுவிட்டார். அவருக்குத் தெரிந்தது கந்தப்பு. மறுபடி பிடித்துக் கேட்கலாம் என்றால், ஓய்வு பெற்ற கையோடு மலையேறப் போய்விட்டாராம். வீட்டில் போன் எடுக்க ஆள் இல்லை. பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போட்டில் இன்னொரு பெயர். இரண்டையும் சேர்த்து வைக்கிற கலியாணப் பதிவு நாகேஸ்வரியின் பெட்டிக்குள். சிவபாலன் தந்தி அடித்தான். அது போய், நேர்முகம் வைத்த வியாழக்கிழமை எங்கே, தபாலில் சாமான் வந்து சேருகிற தை மாதம் எங்கே!

"நான் எழுதினதை நான் எழுதினதெண்டு எப்பிடி அக்கா காட்டுறது?" என்று கேட்டாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்றுகூடத் தெரியாத ஆத்திரம்.

அந்த மூன்று நாளும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. அவள் கழுவின சட்டியையே கழுவினாள். சிவபாலன் சும்மா இருக்காமல், "நீர் ஏன் என்ர பெயரைப் போட்டனீர்? பழைய பெயரிலேயே இருந்திருக்கலாமே" என்றான். போட்டபோது பெருமையில் நெஞ்சை நிமிர்த்தினவனும் இவன்தான். நான் அவனைப் பிடித்து நன்றாக ஏசிவிட்டேன். பாவம், அவனுக்கும் பயம். கசெற்றை எடுத்து ஒளித்து வைத்ததும் அவன்தான், அவள் கேட்டுக் கேட்டு அழுகிறாள் என்று.

புதன்கிழமை பின்னேரம் கொடியில் உடுப்பு எடுக்கும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். களவெடுத்தாள் என்று அவர்கள் சந்தேகப்படுகிறவற்றில் கோட்டிங்கன் கட்டுரைதான் பெரியது. அதை வைத்துத்தான் அவளை நேர்முகத்துக்கே கூப்பிட்டார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறதாம். உப்சாலாவுக்குப் போன பிறகுதான் பிடிபட்டது. திருத்த வேண்டுமென்று, கந்தப்பு என்ற பழைய பெயரிலேயே கோட்டிங்கன் பேராசிரியருக்கு எழுதினாள். உன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தது. அடுத்து வந்தவரும் ஒரு வருஷத்தில் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். இவள் அதை இத்தனை வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறாள். "நாளைக்கு அதைப் பற்றி வாய் திறந்திடாதையும்" என்று நான் சொன்னேன். எந்தப் புத்தியுள்ளவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். சிவபாலனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவித்த பிட்டில் ஒரு வாய்கூட அவள் வைக்கவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியில் நீளமான மர வாங்கில் இருந்தேன். கதவு கண்ணாடிக் கதவு, ஆனால் அந்தப் பனிக் கண்ணாடி, நிழல்தான் தெரியும். நல்லூர் முருகனைக் கூப்பிட்டேன். அவருக்கு இரசாயனம் தெரியுமோ என்னவோ.

வெகுநேரம் போய்க் கதவு திறந்தது. முன்னால் விமலா, பின்னால் ஹார்க்நெஸ், அவருக்குப் பின்னால் கோட்டும் கழுத்து ரையுமாக நாலு பேர். வரிசையாக என்னைத் தாண்டி, நடையின் மறுபக்கம் போனார்கள். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொலிசில் கொடுக்கத்தான் கொண்டு போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பின்னாலேயே ஓடலாமா, ஓடி என்ன இங்கிலிஷில் சண்டை பிடிக்கிறது என்று யோசித்தபடியே வாங்கில் ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

உள்ளே நடந்ததைப் பிறகுதான் சொன்னாள். பெயர் வழக்கத்தை எல்லாம் விளக்கியிருக்கிறாள். மரியாதையாகக் கேட்டார்களாம். வாயில் புகைக்கிற பைப் வைத்திருந்த ஒருவர், இதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று அதைவிட மரியாதையாகக் கேட்டாராம். இல்லை. மேசையில் அந்தக் கோட்டிங்கன் கட்டுரை விரித்தபடி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். என் சொல் நினைவுக்கு வந்ததாம். ஆனாலும் வாய் திறந்துவிட்டாள்.

சத்தை யந்திரத்தில் வைத்தால் அது வரைந்து தருகிற இந்தப் படத்தில், இந்த இடத்தில் கோடு ஒரு மேடாக எழும்புகிறது, அது அந்த வேரின் சத்து அல்ல, கண்ணாடிக் குழாய்களின் மூட்டுக்குப் பூசுகிற கிறீஸ் என்றாள். அன்றைக்கு ஆய்வுகூடத்தில் ஒரு மூட்டு இறுகாமல் நின்றது, தானே விரலால் கூடுதலாகப் பூசினது என்றாள். "அந்தப் பிழை என்ர கையாலதான் நடந்தது" என்று சொல்லி முடித்தாளாம். அந்த மேட்டை நம்பிக் கட்டுரையில் எழுதிய பாதி முடிவு சரியில்லை என்பதையும் மறைக்கவில்லை.

அதைச் சோதிக்கத்தான் எல்லோரும் எழும்பிப் போயிருக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் கிறீஸை ஒரு துளி எடுத்து யந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். கோடு அதே இடத்தில் மேடு கட்டியது. பைப் வைத்திருந்தவர் கொஞ்ச நேரம் கடதாசியைப் பார்த்துவிட்டு, பைப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தாராம். சரிதானே. களவெடுத்த சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்தவள், இதில் பித்தளை கலந்திருக்கிறது பாருங்கள் என்று சொல்லுவாளா?

வேலையைக் கொடுத்தார்கள். பாதிக் கட்டுரை போனாலும் கொடுத்தார்கள். ஆனால் முடிவு வர இரண்டு கிழமை பிடித்தது. அந்த இரண்டு கிழமையில் அவளோடு நானும் மெலிந்தேன். அவள் முதல் வேலையாகச் சஞ்சிகைக்குத் திருத்தம் எழுதிப் போட்டாள், வி. கந்தப்பு, இப்போது வி. சிவபாலன் என்று. என் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைச் சீண்டுவாள். நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன்.

பிள்ளையை எடுக்கக் கடதாசி அலுவல்கள் எல்லாம் முடிய அடுத்த வைகாசி ஆகிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு அனுப்பியிருந்தார்கள். துல்லமரீன் விமான நிலையத்துக்கு மூவரும் போனோம். விமலா விடியவே எழும்பித் தலைமுழுகி, பச்சைச் சேலை கட்டியிருந்தாள். காரில் போகும் வழியெல்லாம், பிள்ளை பயப்படுமோ, குளிருமோ, என்னத்தைச் சாப்பிடும் என்று ஓயாமல் கேட்டாள்.

யோகா வந்தாள். மூன்றரை வயது. இரட்டைப் பின்னல், பெரிய பொட்டு, கையில் துணிப்பை. விமலா முழங்காலில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை ஓடி வரவில்லை, அழவும் இல்லை. நல்ல வளர்ப்பு. மெல்ல நடந்து வந்து, சொல்லிக் கொடுத்தபடி கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தது. பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. கதவு திறந்து திறந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"அன்ரி, அம்மா எப்ப வருவா?" என்று விமலாவைக் கேட்டது.

சிவபாலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விமலா பிள்ளையின் பின்னலை முன்னால் எடுத்துவிட்டு, கழன்றிருந்த ரிபனை முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரிவரவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"வருவா குஞ்சு. கொஞ்ச நாள் செல்லும்" என்றாள்.